மூச்சுக்கா, முகத்துக்கா: மூக்கு ஆபரேஷனில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சித்தி மகளுக்கு 23 வயது. மூக்குத்தண்டில் சின்னதாக ஒரு மேடு உண்டு. ராத்திரியானால் மூக்கடைப்பும் உண்டு. இரண்டு மாதம் முன்னால் திருச்சிக்கு வந்தவள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: “அக்கா, நீங்க ரெண்டு தடவை மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே, நான் எதைப் பண்ணிக்கட்டும்? உள்ளேயா, வெளியேயா?”

சட்டென்று பதில் வரவில்லை. என் முதல் ஆபரேஷன் பாதிதான் சரியாக அமைந்தது. மீதிப் பாதிக்காக நான்கு வருடம் கழித்து மறுபடியும் மயக்க ஊசி போட்டுக்கொண்டேன். முதல் தடவைக்கு முன்னால் யாராவது உட்கார வைத்து எல்லா வழிகளையும் ஒப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். உங்கள் மூக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். அவர் எதிரில் போய் உட்காரும்போது என்ன கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்பதற்கு இது உதவும்.

பந்து பட்ட மூக்கு

எனக்கு 11 வயதாக இருந்தபோது தம்பி அடித்த கிரிக்கெட் பந்து நேராக மூக்கில் வந்து பட்டது. ரத்தம் வந்து நின்றது, மூக்கு வீங்கியது, பாட்டி மஞ்சள் பற்றுப் போட்டார். பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் வளர வளர மூக்கு இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வலது துவாரத்தில் காற்று போகாது. கல்லூரி நாட்களில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினேன். வேலைக்கு வந்த பிறகு மூன்றாவது பீரியடுக்குள் தொண்டை காய்ந்து குரல் கட்டிவிடும்.

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்காக இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடிபட்டு விலகிய மூக்கு எலும்பை அறுக்காமலே நிமிர்த்தி வைக்கலாம். சிறுவர்களுக்கு ஒரு வாரத்துக்குள், பெரியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். அப்புறம் எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. அடிபட்ட பிறகு இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டு, உள்ளே நடுவில் மெத்தென்று வீங்கியிருந்தால், நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விட்டால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு கரைந்து, மூக்கு நடுவில் குழிந்து உட்கார்ந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது

வெளியே தெரியும் மூக்கில் மேலே மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு, மீதியெல்லாம் குருத்தெலும்பு. இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு சுவர். இது கோணலாக இருப்பதைத்தான் பேச்சில் ‘மூக்கு எலும்பு வளைஞ்சிருக்கு’ என்கிறோம், டாக்டர் சீட்டில் டி.என்.எஸ். என்று எழுதியிருக்கும். கொஞ்சம் வளைவு நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. வளைவு இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் கத்தி வைக்க வேண்டியதில்லை.

பக்கவாட்டில் ஒவ்வொரு பக்கமும் மூன்று சதை மடிப்புகள். டர்பினேட் என்பார்கள். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது இவற்றின் வேலை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கத்து மடிப்பு வீங்க, மறுபக்கத்து மடிப்பு சுருங்கும். அதனால் அடைப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி வருவது இயல்பு. அலர்ஜி உள்ளவர்களுக்கு இதே மடிப்புகள் அளவுக்கு மீறி வீங்கும். ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கு’ என்று ஊரில் சொல்வது பல சமயம் இதைத்தான்.

மூன்றாவது இடம் வால்வு. துவாரத்துக்குச் சற்று மேலே, நடுச்சுவரும் பக்கச் சுவரும் சேரும் ஒடுக்கமான கோணம். மூக்கிலேயே குறுகலான இடம் இதுதான். கன்னத்தில் விரல் வைத்து மெல்ல வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். சட்டென்று மூச்சு எளிதானால் குறுகல் இங்கேயும் இருக்கலாம். இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது; டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு தடயம், அவ்வளவுதான்.

இந்த மூன்றில் உங்கள் அடைப்பு எங்கே என்று தெரியாமல் எந்த ஆபரேஷனையும் ஒப்பிட முடியாது. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலே முதல் தடவை கையெழுத்துப் போட்டேன்.

கத்தி இல்லாத வழி

அடைப்புக்குக் காரணம் அலர்ஜி என்றால் முதலில் மருந்துதான். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே, கூடவே உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. ஸ்பிரேவை வலது கையில் பிடித்து இடது துவாரத்திலும், இடது கையில் பிடித்து வலது துவாரத்திலும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் மடிப்பின் மேல் போய் விழும். நடுச்சுவரைப் பார்த்தே அடித்தால் ரத்தம் வரும். ‘அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை’ என்பவர்களில் பலர் நான்கு நாளில் நிறுத்தியவர்கள். முழுப் பலன் தெரிய இரண்டு வாரமாவது வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் ஓட்ரிவின், நாசிவியான் வகைச் சொட்டு மருந்து வேறு. அது உடனே திறக்கும். தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். அப்படி மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. விக்ஸ் இன்ஹேலரில் உள்ள மெந்தால் காற்று போகிற உணர்வைத் தருமே தவிர, வழியை அகலப்படுத்தாது.

ஆனால் சுவரே வளைந்து வழியை மறித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டனில் 378 பெரியவர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அடைப்பு மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களில் ஒரு பாதிக்கு நடுச்சுவர் ஆபரேஷன், மறு பாதிக்கு ஆறு மாதம் ஸ்பிரே. தொந்தரவுக்கு 110 வரை மதிப்பெண் போடும் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். ஆறாம் மாதம் ஆபரேஷன் செய்தவர்களின் சராசரி 19.9, ஸ்பிரே அடித்தவர்களுடையது 39.5. கணக்கு டீச்சராக எனக்கு இந்த இடைவெளி பெரிது. சரியான ஆளுக்குச் செய்தால் இந்த ஆபரேஷன் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உள்ளே மட்டும்

நடுச்சுவரை நேராக்கும் ஆபரேஷன் செப்டோபிளாஸ்டி. வெட்டு துவாரத்துக்கு உள்ளேதான், வெளியே தழும்பு கிடையாது, மூக்கின் உருவமும் மாறாது. முழு மயக்கத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தோலை விலக்கி, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் எடுத்தோ நிமிர்த்தியோ வைத்துத் தோலை மறுபடி மூடிவிடுவார்கள். மேலேயும் முன்னாலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்காவது பட்டை விட்டுவைப்பார்கள், கவிழ்த்து வைத்த ‘ட’ எழுத்து மாதிரி. மூக்கைத் தாங்கி நிற்பது அந்த ‘ட’தான்.

வலியைவிட அடைப்புதான் கஷ்டம். முதல் ஒன்றிரண்டு நாள் உள்ளே பஞ்சு வைத்திருந்தால் வாயால்தான் மூச்சு. இட்லியை விழுங்கும்போது காது அடைக்கும், உதடு வெடிக்கும். பஞ்சை எடுக்கும் அந்த அரை நிமிடம் கண்ணில் தண்ணீர் கொட்டும். அப்புறம் ஒரு வாரம் உள்ளே சிலிகோன் தகடு, உப்புத் தண்ணீர், பொருக்கு. ஒரு வாரத்தில் நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

ஆபத்துகள் அரிதானவை, ஆனால் உண்டு. ரத்தக் கசிவு, சுவரில் ஓட்டை விழுவது, மேல் முன்பற்களில் சில வாரம் மரத்துப்போவது, குருத்தெலும்பு மறுபடி வளைவது. கூடவே டர்பினேட்டையும் சிறிதாக்குவார்கள் என்றால் எவ்வளவு எடுப்பார்கள் என்று அவசியம் கேளுங்கள். தோலை விட்டு உட்சதையைக் குறைப்பது ஒன்று, மடிப்பையே வெட்டி எடுப்பது வேறொன்று. அதிகமாக எடுத்துவிட்டால் வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சுத் திணறுகிற மாதிரியே இருக்கும் ஒரு கொடுமையான நிலை சிலருக்கு வருகிறது. அதைத் திரும்பச் சரிசெய்வது கடினம்.

எனக்கு என்ன ஆயிற்று? தூக்கம் நன்றாகவே தேறியது. ஆனால் மாடிப்படி ஏறும்போதும் வேகமாக மூச்சு இழுக்கும்போதும் வலது பக்கம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். மூக்கு வெளியே சாய்ந்தே இருந்ததால் சுவரின் மேல்பகுதியும் வால்வும் சாய்ந்தே இருந்தன. நடுச்சுவர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மூக்கும் போகும் என்று ஈ.என்.டி. டாக்டர்கள் சொல்வது உண்டு. என் கதையில் அது மறுபக்கத்திலிருந்தும் உண்மையாயிற்று. வெளியே நிமிராமல் உள்ளே முழுசாக நிமிரவில்லை.

வெளியே மட்டும்

அழகுக்காக என்று சொல்ல நம் வீடுகளில் ஒரு கூச்சம் இருக்கிறது. எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. 1650களில் மதுரை நாட்டுக்குள் வந்த மைசூர்ப் படை கண்டவர்களின் மூக்கையெல்லாம் அறுத்துப்போனதால் அந்தப் போருக்கே மூக்கறு போர் என்று பெயர். அவமானப்படுவதை இன்றும் மூக்கறுபடுவது என்றுதான் சொல்கிறோம். மூக்கைச் சீராக்கும் வித்தையும் இந்த மண்ணில் அப்படித்தான் வளர்ந்தது. 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலை மடக்கி இறக்கிப் புது மூக்கு வைத்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்தது. அதைப் பின்பற்றித்தான் 1814இல் ஜோசஃப் கார்ப்யூ என்ற சர்ஜன் அங்கே அதே முறையில் ஆபரேஷன் செய்தார். முகத்தை நிமிர்த்திக்கொண்டு தெருவில் நடக்க விரும்புவதில் அற்பம் எதுவும் இல்லை.

சரி, வெளிமூக்கின் உருவத்தை மாற்றும் ரைனோபிளாஸ்டியால் எது முடியும்? மேட்டைக் குறைக்கலாம், சாய்வை நிமிர்த்தலாம், சப்பையாக இருக்கும் தண்டைக் குருத்தெலும்பு வைத்து உயர்த்தலாம், நுனியைத் தூக்கலாம், விரிந்த துவாரத்தை ஓரளவு குறுக்கலாம். எது முடியாது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தோல் என்பது உள்ளே கட்டிய சட்டத்தின் மேல் போர்த்திய துணி. நம்மில் பலருக்கு நுனித் தோல் தடிமன், எண்ணெய்ப் பசையும் அதிகம். தடித்த துணியின் அடியில் எவ்வளவு கூராகச் செதுக்கினாலும் மேலே மழுங்கித்தான் தெரியும். அதனால் நம் மூக்குகளுக்கு வெட்டிக் குறைப்பதைவிட, உள்ளே தாங்கல் கொடுத்து எடுப்பாக்குவது பல சமயம் பொருந்துகிறது. எள்ளுப்பூ மாதிரி, குமிழம்பூ மாதிரி என்று நம் புலவர்கள் பாடிய மூக்கு எல்லோர் முகத்திலும் உட்காராது. என் சாய்வுதான் எனக்கு வேண்டாததாக இருந்தது. அப்பாவிடமிருந்து வந்த அகலமான நுனியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜாடை என்று ஒன்று இருக்கிறதே.

செல்ஃபியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முகத்துக்கு 12 அங்குலத்தில் பிடித்து எடுக்கும் படம், 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டுகிறது என்று 2018இல் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் டாக்டர் மாற்றிக் காட்டும் படமும் ஒரு பேச்சுக்குத்தான். அது வாக்குறுதி இல்லை. ஒரு நாளில் பல தடவை கண்ணாடியில் மூக்கையே பார்த்துக்கொண்டு, வெளியே போகவே தயங்கும் அளவுக்கு மனம் அதிலேயே கிடந்தால், முதலில் மனநல டாக்டரைப் பார்ப்பது நல்லது. அந்த வேதனை உண்மையானது. ஆனால் அந்த நிலையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் நிம்மதி கிடைப்பதில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது, வெளியே மட்டும் பார்த்து மூச்சை மறந்துவிடுவது. மேட்டைச் செதுக்கும்போது மூக்கின் கூரையைத் திறக்கிறார்கள். நடுப்பகுதிக்குத் தாங்கல் வைக்காமல் விட்டால் அது மெல்ல உள்ளே அமுங்கி வால்வைக் குறுக்கும். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் அழகான மூக்கோடு திணற ஆரம்பிப்பார். இதைத் தடுக்க நடுச்சுவருக்கு இரு பக்கமும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை வைப்பது உண்டு, ஸ்பிரெடர் கிராஃப்ட் என்பார்கள். மேடு குறைத்துக்கொள்ள நினைப்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று என்றால், இதைத்தான் சொல்வேன்: “மேட்டை எடுத்த பிறகு நடுப்பகுதியை எப்படித் தாங்குவீங்க?”

வயதும் முக்கியம். மூக்கு வளர்ந்து முடிய பெண் பிள்ளைகளுக்கு 15, 16, ஆண் பிள்ளைகளுக்கு 17, 18 வயதாகும். அதற்கு முன் அழகுக்காகக் கைவைக்க மாட்டார்கள்.

இரண்டும் ஒரே தடவையில்

உள்ளேயும் வெளியேயும் சேர்த்துச் செய்வது செப்டோரைனோபிளாஸ்டி. நேரம் அதிகம், பெரும்பாலும் இரண்டரை முதல் நான்கு மணி நேரம். செலவும் அதிகம், எனக்கு முதல் ஆபரேஷனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆயிற்று. ஆனால் மயக்கம் ஒரு தடவை, விடுப்பு ஒரு தடவை, அவஸ்தையும் ஒரு தடவை.

இதற்கெல்லாம் மேலாக ஒரு காரணம் இருக்கிறது. வெளிமூக்கைக் கட்டத் தேவைப்படும் குருத்தெலும்புக்கு முதல் சேமிப்பு நடுச்சுவர்தான். நேரான, உறுதியான, பக்கத்திலேயே கிடைக்கிற பொருள். என் முதல் ஆபரேஷனில் அதிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துவிட்டார்கள். அப்போது அது சரியான சிகிச்சைதான், ஏனென்றால் வெளியேயும் நிமிர்த்திக்கொள்ளும் ஆசை இருந்ததை நான் வாய் திறந்து சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சேமிப்பு காலி. காதின் பின்னால் வெட்டிக் குருத்தெலும்பு எடுத்தார்கள். காதுக் குருத்தெலும்பு வளைந்தது, மெத்தென்றது. நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்த அதிகம் பாடுபட வேண்டும். அதுவும் போதாதவர்களுக்கு விலா எலும்புப் பக்கம் போகிறார்கள். எனவே வெளியே மாற்றும் எண்ணம் லேசாக இருந்தாலும், உள்ளே மட்டும் செய்யும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே அதைச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டது எனக்குக் காதில் ஒரு தழும்பாக இருக்கிறது.

எனக்குச் செய்தது திறந்த முறை. இரண்டு துவாரத்துக்கும் நடுவே, கீழ்த்தோலில் சின்னதாக ஒரு வெட்டு. மூடிய முறையில் வெட்டு முழுவதும் உள்ளேயே இருக்கும், வீக்கம் கொஞ்சம் சீக்கிரம் வடியும். சிக்கலான சாய்வு, இரண்டாம் தடவை என்றால் டாக்டருக்கு நேரில் பார்த்துச் செய்ய வசதி என்று பெரும்பாலும் திறந்த முறையைத்தான் எடுக்கிறார்கள். என் தழும்பை இப்போது நானே தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. திறந்ததா மூடியதா என்று அலசி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், டாக்டரின் கை எதில் பழகியதோ அது.

அந்த முதல் வாரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். மூக்கின் மேல் கட்டு, கண்ணைச் சுற்றி ஊதா நிறம். பக்கவாட்டு எலும்பை வெட்டி நகர்த்துவதால் அப்படி ஆகிறது. இரண்டாம் மூன்றாம் நாள் முகம் இன்னும் வீங்கும். அம்மா பார்த்து அழுதுவிட்டார். முன்பே தெரிந்திருந்தும் எனக்கும் பயமாக இருந்தது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூக்கம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தவே கூடாது. ஏழாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் பன்றி மூக்கு மாதிரி நுனி தூக்கிக்கொண்டு வீங்கியிருந்தது. பலருக்கும் அப்படித்தான் இருக்கும், அன்றைக்கு மனசு உடைய வேண்டாம். இரண்டு வாரத்தில் நிறம் மங்கியது. மூக்குக் கண்ணாடியை ஆறு வாரம் தண்டின் மேல் உட்காரவிடாமல் நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு பாடம் எடுத்தேன். பிள்ளைகள் முதல் நாள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது. நுனி மரத்தே கிடந்தது, நான்காம் மாதம்தான் தொட்டால் தெரிந்தது. உருவம் முழுதாக அடங்க ஒரு வருடம், தடித்த தோலுக்கு அதற்கும் மேலே.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. கல்யாண போட்டோவில் வீக்கம்தான் விழும். ஆறு மாதமாவது முன்பு, ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. பிடிக்கவில்லை, மறுபடி திருத்த வேண்டும் என்றாலும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்வார்கள்.

மூக்குத்தி போட்டவர்கள் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கழற்றப் பாருங்கள். பன்னிரண்டு வருடம் கழற்றாத என் திருகு மூக்குத்தி இறுகிப்போய், கடைசியில் ஆசாரி வந்துதான் கழற்றினார். ஆபரேஷன் முடிந்து எப்போது திரும்பப் போடலாம் என்பதை டாக்டரே சொல்லட்டும்; எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. துவாரத்தைக் குறுக்குவதாக இருந்தால் பழைய ஓட்டை இடம் மாறித் தெரியும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியில் முடிப்பது

ஆபரேஷன் வேண்டாம், கால் மணி நேரத்தில் தோலுக்கடியில் ஜெல் நிரப்பும் ஃபில்லர் ஊசி போதும் என்று இப்போது நிறைய விளம்பரம். மேட்டுக்கு மேலேயும் கீழேயும் நிரப்பி தண்டை நேராகக் காட்டுவார்கள். மூக்கு சிறிதாகாது, கொஞ்சம் பெரிதாகத்தான் ஆகும். மூச்சுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும். எளிதாகத் தெரிந்தாலும், முகத்தில் ஃபில்லர் போட ஆபத்து அதிகமான இடங்களில் ஒன்று மூக்கு. மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் செத்துப்போகலாம், பார்வையே போன சம்பவங்களும் உண்டு. அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளவே கூடாது. கரைக்கும் மருந்தைக் கையில் வைத்திருக்கிற, அதைப் பயன்படுத்தத் தெரிந்த டாக்டரிடம் மட்டும் போங்கள். எனக்கு இந்த வழியில் மனம் போகவில்லை.

பணமும் டாக்டரும்

அழகுக்கான சர்ஜரியை இன்சூரன்ஸ் ஏற்காது. இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விலக்குகளிலேயே அது இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் சான்று தருவதற்கும் மட்டும் விலக்கு பொருந்தாது. நடுச்சுவர் ஆபரேஷனை ஏற்பார்கள், ஆனால் பாலிசி எடுத்துப் பெரும்பாலும் இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்த்துச் செய்தால் பில்லைத் தனித்தனியாகப் போடச் சொல்லி, மூச்சுக்கான பகுதிக்கு முன்அனுமதி கேட்கலாம். எனக்கு அப்படி ஒரு பகுதி கிடைத்தது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஈ.என்.டி. பிரிவுகளில் நடுச்சுவர் ஆபரேஷன் வழக்கமாக நடப்பது, பணம் இல்லையே என்று வருடக்கணக்கில் வாயால் மூச்சு விட வேண்டியதில்லை.

யாரிடம் போவது? உள்ளே மட்டும் என்றால் எம்.எஸ். ஈ.என்.டி. படித்தவர். வெளியேயும் என்றால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜன், அல்லது ரைனோபிளாஸ்டியில் தனியாகத் தேர்ந்த ஈ.என்.டி. டாக்டர். சில இடங்களில் இருவரும் சேர்ந்தே செய்கிறார்கள். பட்டத்தைவிட, வாரத்துக்கு எத்தனை மூக்கு செய்கிறார், உங்கள் மூக்கு மாதிரியான மூக்குகளின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய படங்கள் இருக்கின்றனவா என்பதைக் கேளுங்கள். ஒரு மாதப் படம் போதாது. நான் பார்த்த நால்வரில், ‘இதைச் செய்ய முடியாது’ என்று இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னவரிடம்தான் இரண்டாவது ஆபரேஷன் செய்துகொண்டேன்.

சித்தி மகள் என்ன செய்தாள் என்று சொல்ல வேண்டும். அவளுடைய அடைப்பு பக்கம் மாறி மாறி வருவது, காலையில் பத்துத் தும்மல், தூசி பட்டால் கண் அரிப்பு. கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், சுவரில் லேசான வளைவுதான், மடிப்புகள் வெளுத்து வீங்கியிருக்கின்றன, அலர்ஜி என்றார். ஆறு வாரம் ஸ்பிரே. போன வாரம் போன் செய்தாள், ராத்திரி வாயை மூடித் தூங்குகிறாளாம். மேட்டை எடுக்கும் ஆசை அப்படியே இருக்கிறது, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. அடுத்த மாதம் ரைனோபிளாஸ்டி டாக்டரைப் பார்க்கப் போகிறாள், நானும் கூடப் போகிறேன். நடுப்பகுதியை எப்படித் தாங்குவார் என்று நான் கேட்கப்போகிறேன்.